மதிய மாத்திரை

பேத்தியின் மாத்திரை அட்டையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். வெயில் ஏறியிருந்தது. ஆரணியில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. முன்பு ஒரு வியாபாரி அந்த வீட்டில் குடியிருந்து, பின்கட்டில் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது முன்பக்கம் மாடி எழுப்பி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். பின்கட்டு மட்டும் பழையபடி இருந்தது. உடம்பு முடியாத பிள்ளைகளைப் படுக்க வைக்கும் சிக் ரூம் அங்கேதான்.

கதவைத் தாண்டியதும் டெட்டால் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. பட்டு வேகவைத்த சவுக்காரத் தண்ணீர் வெளியேறாமல் நின்றால் வருமே, அந்த வாடை. அங்கே சாயம் போடுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

நர்ஸ் சின்னப் பெண். அகல்யா என்று பேர், வந்தவாசிப் பக்கம்.

"பேரு சொல்லுங்க தாத்தா."

"மாணிக்கவேலு."

"உங்க பேரு இல்லிங்க, குழந்தை பேரு."

"தேஜு. முழுப் பேரு என் வாயில நுழையாது. மூணாவது படிக்குது."

அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பாதிதான் இருக்குது. மீதி எங்க?"

"வூட்ல. மொத்தத்தையும் உன்கிட்ட குடுத்துட்டு, நீ மெடிக்கல்ல வித்துட்டா நான் எங்க போறது?"

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். "அட்டைய வெட்டக் கூடாது தாத்தா. பேரும் தேதியும் தெரியணும். டாக்டர் சீட்டு வேணும், அம்மா கையெழுத்து வேணும். இதெல்லாம் இல்லாம ஒரு இருமல் மருந்துகூட இந்த அலமாரிக்குள்ள போவாது."

அலமாரிக்குப் பூட்டு. சாவி அவள் இடுப்பில். சாப்பாட்டு மணி அடித்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கையில் மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் ஒளித்து வைத்திருக்கிறதா என்றுகூடப் பார்த்துத்தான் அனுப்புவாளாம். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். சரியாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வரும்.

தேஜுவுக்கு வலிப்பு. காலை, மதியம், இரவு என்று மாத்திரை. வேலூர் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மதிய மாத்திரை தவறினால் வலிப்பு வரும். போட்டதை மறந்து இன்னொன்று போட்டால் பிள்ளை மயக்கத்தில் போய்விடும், எழுப்ப முடியாது. தவறவும் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. எனக்கும் நெஞ்சுக்கு ஒரு மாத்திரை உண்டு, சாயங்காலம். அதை என் மகள் பரிமளா எடுத்துக் கையில் கொடுத்தால்தான் போடுவேன். வேறு யார் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவன் பேத்தியின் உயிரை ஊரார் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். பரிமளா பட்டுக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். வேறு வழி இல்லை.

கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. ஒரு சாயங்காலம் பிள்ளை புத்தகப் பையோடு வாசலில் நின்று சுவரையே பார்த்தது. உதட்டைச் சப்புக்கொட்டியது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது. நுரை தள்ளி, கைகால் வெட்டி, அடங்கி, கண் திறக்க நெடுநேரம் ஆனது.

"மதியம் மாத்திரை போட்டியாடி?" என்றாள் பரிமளா.

"இல்லம்மா. இப்பதான போட்டுகினு போன, மறுபடியும் இன்னாத்துக்கு வந்தேன்னு நர்ஸக்கா அனுப்பிட்டாங்க."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்லம்மா. நான் ஒரு வாட்டிதான் போனேன்."

பரிமளா நம்பவில்லை. நான் நம்பினேன். பிள்ளை பொய் சொல்லும்போது காலைத் தேய்க்கும். அன்று தேய்க்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட கேட்டில் துரை மறித்தான். அங்கே வாட்ச்மேன், எனக்கு நெடுநாள் பழக்கம்.

"இன்னா பெருசு, மூஞ்சியே சரியில்ல. யாரை வெட்டப் போற?"

"உங்க நர்ஸத்தான். மாத்திரைய வித்துத் துன்றா."

"போ, போ. அந்தப் பொண்ணு ஜுரம் வந்தாகூட சொந்தக் காசுலதான் மாத்திரை வாங்கும்."

அகல்யாவிடம் போய்க் கத்தினேன். அவள் கடைசிவரை கேட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் கையால குடுத்தேன் தாத்தா. தண்ணி குடிச்சா, நாக்கத் தூக்கிக் காட்டினா, போனா. கொஞ்ச நேரத்துல மறுபடியும் வந்து நின்னா. ரெண்டாவது குடுத்தா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும். அதான் அனுப்பிட்டேன்."

"அப்ப என் பேத்தி பொய் சொல்றாளா?"

அவள் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நாள் இல்லிங்க. கரண்ட் போற நாள்ல எல்லாம் இப்படித்தான் ஆவுது. நாளைக்கு நீங்களே வந்து உக்காருங்க. எனக்கும் தனியா இருக்க பயமா இருக்குது."

திருடி இப்படிப் பேசமாட்டாள் என்று ஒரு மனசு சொன்னது. கைதேர்ந்த திருடி இப்படித்தான் பேசுவாள் என்று இன்னொரு மனசு சொன்னது.

வெளியே வந்து துரையிடம், ஒரே பிள்ளை இரண்டு தடவை வருகிறதாம் என்று சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"ரெண்டு வாட்டியா? கரண்ட் போச்சொல்லயா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

சொல்ல மனமில்லாமல்தான் சொன்னான். முன்னே ஜெயம் என்று ஒரு நர்ஸம்மா இருந்தாளாம். பிள்ளைக் கூட்டத்தில் யாருக்கு மாத்திரை கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று குழப்பம் வரக்கூடாது என்று அவள் ஒரு வழி வைத்திருந்தாள். தறியில் மிஞ்சும் சிவப்புப் பட்டு இழையைத் திரித்து வைத்துக்கொள்வாள். மாத்திரை விழுங்கிய பிள்ளையின் இடது மணிக்கட்டில் அதைக் கட்டுவாள். கயிறு இருந்தால் கொடுத்தாயிற்று. சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாக் கயிற்றையும் அவளே அறுத்து எடுத்துவிடுவாள். நல்ல வழிதான்.

ஒரு ஆடி மாதம், திடீர் மழை, பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் கயிற்றை அவள் அறுக்கவில்லை. அபிதகுசாம்பாள் என்று பேர், தறிக்காரன் வீட்டுப் பிள்ளை, அதுக்கும் வலிப்பு. வீட்டில் அம்மாக்காரி பார்த்தாள். ஆடியில் பிள்ளை கையில் சிவப்புக் கயிறு. அம்மன் கோயிலில் யாரோ கட்டிய காப்பு என்று நினைத்துக்கொண்டாள். காப்பை நம்மூரில் யார் அறுப்பார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டாள்.

"அடுத்த வாரம் பூரா ஜெயம்மா லீவு," என்றான் துரை. "ஒரு டீச்சரம்மா மாத்திரை குடுத்தாங்க. இந்தப் புள்ள போய் நிக்கும். அவங்க கையப் பார்ப்பாங்க. கயிறு இருக்குதே, போட்டாச்சு, போ அப்டிம்பாங்க. இன்னும் போடல மிஸ்ஸுன்னு புள்ள அழுவும். கயிறு இருக்குதே, பொய் சொல்லாதம்பாங்க. தினமும் இதே கதைதான். வாரக் கடைசியில, கரண்ட் போய் தறியெல்லாம் நின்ன நேரம், டிபன் பாக்ஸ் கழுவப் பின்கட்டுக்குப் போச்சு. அங்க நூல் அலசுற தொட்டி இருந்துச்சு. தண்ணி முழங்கால் அளவுதான். வலிப்பு வந்து கவுந்துட்டா முழங்கால் தண்ணி போதும் பெருசு."

"அந்தத் தொட்டி இப்ப எங்க?"

"கல்லு போட்டு மூடிட்டாங்க. மேலதான் அந்த ரூமு."

நம்பவில்லை. நர்ஸும் வாட்ச்மேனும் கூட்டு, பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பின்தெருவில் பவர்லூம்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவரே லேசாக அதிரும். அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது சத்தமாகவே தெரியாது. நின்றால்தான் தெரியும்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு பையன் வந்து மூச்சு மருந்தை உறிஞ்சிவிட்டுப் போனான். ஒரு பெண்ணுக்குக் காது சொட்டு மருந்து. அகல்யா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "தேஜஸ்வினி" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

கரண்ட் போனது.

தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதையும் அடுத்த வீட்டுச் சுவர் மறைத்திருந்தது. நடுப்பகலிலேயே இருட்டு. சவுக்காரத் தண்ணீர் வாடை தரையிலிருந்து எழும்பி மூக்கில் ஏறியது.

வாசலில் பிள்ளை நின்றது.

என் பேத்திதான். அதே சடை, அதே யூனிபார்ம், அதே உயரம். சத்தமில்லாமல் வந்து வலது கையை நீட்டியது. அகல்யா மாத்திரையை வைத்தாள். வாயில் போட்டது. தண்ணீர் குடித்தது.

"நாக்கைத் தூக்கு," என்றாள் அகல்யா.

தூக்கியது. இருட்டில் வாய்க்குள் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் போனது. என்னைப் பார்க்கவில்லை. தாத்தா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பார்த்தீங்களா? குடுத்தேனா இல்லியா?" என்றாள் அகல்யா.

பார்த்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்து செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் உறைத்தது. வந்ததிலிருந்து போனதுவரை அந்தப் பிள்ளை ஒரு கையைத்தான் நீட்டியது. இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

"தாத்தா! நீ இன்னா இங்க?"

வாசலில் தேஜு. மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். வாயோரம் சாம்பார் சாதம். இரண்டு கையையும் நீட்டி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

"நர்ஸக்கா, மாத்திரை."

அகல்யா அலமாரியோடு ஒட்டி நின்றாள்.

"குடும்மா," என்றேன்.

"எப்படிங்க? இப்பதான் போட்டுது. நீங்களே பார்த்தீங்க."

"அது இவ இல்ல."

"ஒருவேளை அது இவதான்னா? ரெண்டு போட்டா புள்ள என்ன ஆவும்? நான் குடுக்க மாட்டேன். பரிமளா அக்காவுக்குப் போன் போட்றேன். டாக்டர்கிட்ட கேக்கறேன்."

அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தில்தான் என் பிள்ளை கரண்ட் போன நாளெல்லாம் மாத்திரை இல்லாமல் திரும்பிப் போயிருக்கிறது. போனைக் காதில் வைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கடையில் கூட்டமாக இருந்திருக்கும், யாரும் எடுக்கவில்லை.

வேட்டியைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

குனிந்து பார்த்தேன். தேஜு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைச் சப்புக்கொட்டினாள்.

"குடுடீ!" என்று கத்தினேன்.

அகல்யா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். போன் கையிலிருந்து நழுவியது.

திரும்பினேன்.

இன்னொரு தேஜு வாசலில் நின்றது.

வலது கை நீட்டியபடி. இடது கை முதுகுக்குப் பின்னால். கிட்டத்தில் பார்க்கும்போது அது தேஜு இல்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிக்கொண்டு வந்தது. சடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கல் தரையில் விழுந்த சொட்டு சிவப்பாக இருந்தது. சாயம்.

"இன்னும் போடல மிஸ்," என்றது.

மெதுவாக, தொண்டையில் தண்ணீர் இருக்கிற மாதிரி.

துரை சொன்னது முழுவதும் அந்த நொடியில் ஒன்றாகச் சேர்ந்தது. இது வாங்கிய மாத்திரையெல்லாம் தேஜு பேரில் வாங்கியது. இதுக்கென்று, இதன் பேரைச் சொல்லி, ஒருத்தரும் கொடுக்கவில்லை. கயிறு இருக்கும்வரை கொடுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் கையை மறைக்கிறது.

"கையக் காட்டு," என்றேன்.

தலையை ஆட்டியது. மாட்டேன் என்று.

"அடிக்க மாட்டேன். காட்டு."

நீட்டியது. ஊறி வெளுத்த கை. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. ஆடி மாதக் காப்பு மாதிரிதான் இருந்தது. யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். விரலைக் கொடுத்து இழுத்தேன். நனைந்த பட்டு லேசில் அறாது. குனிந்து பல்லால் கடித்தேன். ஐஸ் தண்ணீர் மாதிரி குளிர் பல்லில் ஏறியது. அறுந்தது.

"அகல்யா, இதுக்கு ஒண்ணு குடு. பேரச் சொல்லிக் குடு. அபிதகுசாம்பாள்."

அவள் அவசரமாகப் பிதுக்கியதில் ஒரு மாத்திரை கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். வாய்க்குள் முனகினாள்.

"அபித... அபிதகுசாம்பாள்."

பிள்ளை வாங்கிப் போட்டுக்கொண்டது. யாரும் சொல்லாமலே நாக்கைத் தூக்கிக் காட்டியது.

வாய் முழுக்கச் சிவப்பு.

மின்விசிறி கிரீச்சென்று சுழன்றது. பின்தெருவில் தறிகள் கிளம்பின. வாசலில் யாரும் இல்லை. நான் அறுத்த கயிறும் இல்லை. தேஜுவைக் கட்டிலில் சாய்த்து, பல் கிட்டிக்கொள்வதற்குள் அகல்யா மாத்திரையை ஊட்டிவிட்டாள். இந்தத் தடவை அவள் யாரையும் கேட்கவில்லை. வலிப்பு வந்தது, லேசாக வந்து போய்விட்டது. பிள்ளை கண் திறந்து, "பசிக்குது தாத்தா" என்றது.

அப்புறம் கட்டிலை நகர்த்திப் பார்த்தோம். மூலையில் தண்ணீர் வெளியே போகும் பழைய ஜலதாரி ஒன்று, மூடாமல் விட்டிருந்தார்கள். துரையைக் கூப்பிட்டேன், அவன் கையை விட்டுத் துழாவினான். இத்தனை நாள் அது விழுங்கிய மாத்திரைகள் எல்லாம் அங்கே ஊறிச் சிவந்து கிடந்தன. நர்ஸ் திருடி இல்லை. "மன்னிச்சுக்கோம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று பேர் சொல்லிக் கொடுத்த மாத்திரை மட்டும் அங்கே இல்லை.

அந்த வாரமே தேஜுவை முள்ளிப்பட்டில் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். மதியம் நானே கேட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வருவேன். மிச்சம் இருந்த அட்டையை அகல்யாவிடமே விட்டுவிட்டேன். தினமும் மணி அடித்ததும் பேரைச் சொல்லி ஒன்றை ஜன்னலில் வை என்றேன். வைத்தாள். தீர்ந்தால் நான் வாங்கிக் கொடுப்பேன். பரிமளாவுக்கு இது தெரியாது. அவளிடம், அந்தப் பள்ளிக்கூடத்தில் பீஸ் அதிகம் என்று சொல்லியிருந்தேன். பேயைப் பற்றிச் சொன்னால் என்னையும் வேலூருக்கு அழைத்துப் போவாள்.

போன மாதம் அகல்யா கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். புது நர்ஸ் வந்தாளாம். நேற்று மார்க்கெட்டில் துரையைப் பார்த்தேன்.

"அலமாரிய சுத்தம் பண்ணா பெருசு. அந்த அட்டைக்குப் பேரும் இல்ல, டாக்டர் சீட்டும் இல்ல. ஆளில்லாத மாத்திரை இங்க இருக்கக் கூடாதுன்னு குப்பையில போட்டுட்டா. சட்டம் அப்படித்தானாம். நான் இன்னான்னு சொல்றது?"

அவள் செய்ததில் தப்பு இல்லை. காலையில் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் கைத்தறிகள்தான், கரண்ட் போனால் அவை நிற்காது. ஆனால் எல்லாம் நின்றிருந்தன. தேஜு தின்பண்டம் கேட்டுக்கொண்டு எதிர்வீட்டில் நின்றாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து, பரிமளா கொண்டுவருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு லேசாகப் பிடித்தது.

"பரிமளா, மாத்திரை குடும்மா."

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா பேஜார் பண்ற? ரெண்டாவது குடுத்தா உன் நெஞ்சு தாங்குமா? இப்பதான வந்து வாங்கிப் போட்டுகினு போன."

வெளியே ஒரு தறிகூடச் சத்தம் போடவில்லை.

"ஆமா, கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் பரிமளா. "வாங்கச்சொல்ல அந்த இடது கைய முதுகுக்குப் பின்னாடி இன்னாத்துக்கு மறைச்சுகினு நின்ன?"